கணக்கில் சேராத தவணை

மாங்கெரேயில் மழை.
இரவு ஷிஃப்ட் முடித்து நேரே கிளினிக்குக்கு வந்திருக்கிறேன்.
என் பாதுகாப்புச் சட்டையின் மஞ்சள் பட்டையைப்
பிடித்துப் பிடித்து இழுக்கிறாள் மகள்.
எட்டு மாதம், நான்கு நாள்.
பெயர் லோசலீன். பல் ஒன்றரை.

"பயணம் என்றைக்கு?" என்றாள் நர்ஸ் நைரி.
"பதினாறு நாளில். டோங்காவுக்கு. மைத்துனன் கல்யாணம்."
சுவர்க் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள்.
"மருந்து ஊற ரெண்டு வாரம் வேணும்.
ரெண்டு நாள் மிச்சம் வெச்சு வந்திருக்கீங்க."
பாராட்டா, குத்தலா, தெரியவில்லை.

போன வாரம் ஒரு மலிவு டிக்கெட் கண்ணில் பட்டது.
ஊசிக்கு நாள் இல்லாத தேதி.
வாங்கிவிடுவோம் என்றேன்.
சிசிலியா என் போனை வாங்கி
மேஜையில் குப்புறக் கவிழ்த்தாள்.
அவ்வளவுதான் அன்று நடந்த பேச்சு.

"முதல் ஊசி ஒரு வயசுலதான்," என்றாள் நைரி.
"இது அதுக்கு முன்னாடி. இதை எண்ண மாட்டோம்.
பூஜ்யம்னு போடுவோம்."
நோட்டில் வட்டமாய்ப் போட்டாள்.

நான் எண்ணிப் பிழைப்பவன்.
கிடங்கில் ஒரு ராத்திரிக்கு அறுநூறு பெட்டி,
உறைந்த ஆட்டிறைச்சி;
ஒன்று குறைந்தால் விடியும்வரை தேட வேண்டும்.
பூஜ்யம் என்றால் எனக்கு
வராத லாரி.
"எண்ணாததை எதுக்குப் போடணும்?" என்றேன்.

"அம்மா கொடுத்தனுப்பிய காவல்
இவ ரத்தத்துல இன்னும் கொஞ்சம் நிக்கும்.
நோயைத் தடுக்க அது போதாது;
ஆனா நாம அனுப்புற வாத்தியாரை வாசல்லயே மறிக்கும்.
சில பிள்ளைக்குப் பாடம் ஏறும், சிலதுக்குப் பாதி.
எதுக்கு ஏறுச்சுன்னு தெரியாது.
அதனால ஒரு வயசுல மறுபடி ஒண்ணுலேர்ந்து."

"என் அண்ணனுக்கு வலது காது கிடையாது,"
என்றாள் சிசிலியா, யாரும் கேட்காமலே.
"காது இருக்கு. கேக்காது."

நான்கு வயதில்
மணலை வாரி இறைத்தாற்போல் மேலெல்லாம்.
காய்ச்சல் இறங்கிற்று.
மணல் உதிர்ந்தது.
ஒரு பக்கத்துச் சத்தமும் கூடவே உதிர்ந்துவிட்டது.
அவன்தான் இப்போது மாப்பிள்ளை.
பாதிரியார் இடப்பக்கமாய் நிற்க வேண்டுமென்று
கோயிலில் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

ஏழு வருஷமாய் அவனோடு பழகுகிறேன்.
எங்கே போனாலும் என் வலது பக்கமாகவே நடப்பான்.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சின்னக் குப்பியில் பொடி.
நீர் பட்டதும் இளஞ்சிவப்பாய்க் கரைந்தது.
தொடையை நான் பிடித்தேன்.
பெட்டி தூக்கும் கை;
இத்தனை சின்னதை
இத்தனை இறுக்கிப் பிடித்ததில்லை.
இருபத்துமூன்று எண்ணும்வரை அழுதாள்.
எண்ணினேன். பழக்கம்.

எட்டாம் நாள், பத்தாம் நாள் மேல் சுடலாம் என்றிருந்தாள்.
ஒன்பதாம் நாள் நள்ளிரவில் சுட்டது.
தெர்மாமீட்டரின் படம் மட்டும் வந்தது போனுக்கு,
ஒரு வார்த்தை இல்லாமல்.
ஃபோர்க்லிஃப்டை ஓரங்கட்டிவிட்டு
குளிரறைக் கதவருகே நின்றேன்.
மூச்சு வெள்ளையாய் வந்தது.
உள்ளே ஏதோ நடக்கிறது, நடக்கட்டும் என்று நினைத்தேன்.
அப்படி நினைக்க முடிந்தது
காலையில் அவள் என் பூட்ஸ் கயிற்றைச்
சப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான்.
அந்த ராத்திரி வெறுமனே பயந்தேன்.

விமானத்தில் பணிப்பெண் தலைகளை எண்ணி வந்தாள்.
எங்கள் வரிசைக்கு இரண்டு என்று நகர்ந்து,
திரும்பி வந்து,
"மடியில் ஒன்று" என்று தனியே குறித்தாள்.
இருக்கை எண் கிடையாது, சாப்பாட்டுத் தட்டு கிடையாது.
மூன்று வரிசை பின்னால் யாரோ இருமினார்.
வெறும் இருமல்தான்.
சிசிலியா என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
லோசலீன் தூங்கினாள்.

வெளியே வெயிலில் மாப்பிள்ளை நின்றிருந்தான்,
கழுத்தை லேசாய்த் திருப்பியபடி.
குழந்தை ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், புரியாத பாஷையில்.
நான் சுற்றிப் போய்
அவளை அவன் இடது தோளில் வைத்தேன்.